கொசுறுக்கு என்ன விலை

நீ என்னை ஏமாற்றிவிட்டாய். நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். வாயைத் திறக்காமலே பல் கணக்குச் சொல்வேன், நடையைப் பார்த்தே கருப்பையில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். ஆயுசில் நான் ஏமாந்தது இரண்டே தடவை. முதல் தடவை பத்தொன்பது வயதில், கறவை என்று சொல்லி ஒரு வறட்டு மாட்டை என் தலையில் கட்டினார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷம் சந்தையில் என் பேரே வறட்டுத் திருமலைச்சாமி. இரண்டாவது தடவை நீ. உன் பேர் தெரியாது. பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, இடது காதில் மட்டும் கடுக்கன், வெற்றிலைக் காவி ஏறிய பல், அவ்வளவுதான் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பொள்ளாச்சிச் சந்தையில், உன் ஒரு சோடி எருமைக்கு நாம் இரண்டு பேரும் துண்டுக்கடியில் கையை விட்டு விரல் பிடித்து விலை பேசினோம். வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும், விரல்தான் விலை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையைப் பிடித்தால் ஐந்து, சுற்றி நிற்கிற ஒருத்தனுக்கும் தெரியாது. நூறா ஆயிரமா என்று யாரும் கேட்கமாட்டார்கள்; மாட்டைப் பார்த்தாலே தெரிய வேண்டும், கேட்கிறவன் தரகனே இல்லை. எல்லாம் படிந்துவிட்டது, கடைசியாக நான் இன்னும் ஒரு விரல் குறை என்று உன் சுண்டுவிரலை மடக்கினேன். நீ கையை உருவிக்கொண்டாய். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். மறுபடியும் துண்டுக்கடியில் ஏதோ வந்து என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. விரல் இல்லை. ஈரமாக, மெத்தென்று, நகத்தோடு. துண்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு நாய்க்குட்டியின் முன்னங்கால், அதற்குப் பின்னாலே முழு நாய்க்குட்டி, செவலை நிறம், நாலு காலுக்கும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி. "அந்த ஒரு விரலுக்குப் பதிலா இதைக் கொசுறா வெச்சுக்குங்க" என்றாய். சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததற்குத்தான் இன்றைக்குக் கோயமுத்தூர் பைபாஸ் ஓரத்தில், நாய்களுக்கென்று கட்டின ஆஸ்பத்திரியில், இரும்பு நாற்காலியில், காலடியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிற அந்தக் கொசுறோடு உட்கார்ந்திருக்கிறேன். அதன் பேரே கொசுறுதான், வேறு பேர் வைக்க எனக்கு நேரமில்லை. உள்ளேயிருந்து கூப்பிடுகிற பெண் நோயாளியின் பேரையும் உடையவர் பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாள். "கொசுறு திருமலைச்சாமி" என்று கூப்பிட்டபோது உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு வைத்தியம், அந்தக் கதிரை வைப்பதா, வேண்டாமா.

தலைக்குள்ளே கட்டி. மொச்சைக் கொட்டை அளவு என்று டாக்டரம்மா படத்தில் காட்டினாள். சாம்பலும் வெள்ளையுமாக என் கொசுறின் மண்டையைக் குறுக்கே அறுத்த மாதிரி ஒரு படம், நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி. அவள் பேர் மெர்லின், நாகர்கோவில்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சில் அலட்டல் கிடையாது, அதுதான் எனக்குப் பயம்; அலட்டுகிறவனிடம் குறைத்துப் பேசலாம், அலட்டாதவனிடம் என்ன பேசுவது. குஷிங் நோய் என்றாள். மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அது சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிற இன்னொரு சுரப்பியைப் பார்த்து ஊறு ஊறு என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம், போதும் என்று மட்டும் சொல்லாதாம். எனக்குப் புரிந்துவிட்டது. ஏலத்தில் இப்படிச் சில பேர் உண்டு, பக்கத்தில் நிற்கிறவனை முழங்கையால் இடித்துக் கேளு கேளு என்று ஏற்றிவிட்டுக்கொண்டே இருப்பான், கடைசியில் அந்த அப்பாவி வீட்டை விற்பான். எட்டு மாசமாக மாத்திரை கொடுத்தோம். ஊறுகிறவன் கொஞ்சம் அடங்கினான். ஆனால் ஏற்றிவிடுகிறவன் உள்ளே உட்கார்ந்து பருத்துவிட்டான், இப்போது மூளையையே நெருக்குகிறான், அதனால்தான் கொசுறு சாப்பிடுவதில்லை, அதனால்தான் இடது பக்கமாகவே வட்டமடிக்கிறாள். கதிர் வைத்தால் அவன் சுருங்குவான். பதினைந்து தடவை, மூன்று வாரம், ஞாயிறு சனி லீவு, ஒவ்வொரு தடவையும் மயக்க ஊசி, தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அச்சு எடுத்து ஒரு வலைக்கூடு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, இதற்கு முகத்துக்கே கூடு. "பதினைஞ்சா" என்றேன். "ஆமாய்யா, பதினஞ்சு." "பத்து." அவள் என்னைப் பார்த்தாள். "என்ன பத்து?" "பத்துத் தடவையில முடிச்சுக் குடுங்க அம்மிணி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எனக்கும் வேண்டாம் உங்களுக்கும் வேண்டாம், பன்னெண்டு." "அய்யா, மொத்தமா இவ்வளவு கதிர் வேணும்னு கணக்கு. அதைப் பதினஞ்சாப் பிரிச்சாத்தான் பக்கத்துல இருக்கிற நல்ல மூளை தாங்கும். நீங்க குறைச்சாக் கட்டி ஒத்துக்காது." "கட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்." சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வார்த்தை என் வாயிலிருந்து தானாக வந்தது, நான் யோசித்துச் சொல்லவில்லை. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதின்மூன்றுக்காவது இறக்கியிருப்பேன். "மயக்க ஊசியில ஆபத்து இருக்கு, வயசு பதினொண்ணு, இதயத்துல லேசா ஒரு சத்தம் கேக்கு, அதையும் நான் சொல்லணும்" என்றாள். வைத்தால் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் சராசரி என்கிறாள். எனக்குச் சராசரி பிடிக்காது. சந்தையில் சராசரி மாடு என்று ஒரு மாட்டை யாராவது ஓட்டிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. ஒன்று நொண்டும், ஒன்று ஓடும். சில நாய் வருஷக்கணக்காக இருக்கும், சிலது மாசக்கணக்கில் போய்விடும், கொசுறு எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல முடியாது. இது ஒரு பதிலா. இப்படிச் சொல்லி ஒரு கன்றுக்குட்டியை விற்க முடியுமா.

நீ அன்றைக்கே ஏதாவது சொல்லியிருக்கலாம். ஏதாவது என்றால் எது, எனக்கும் தெரியாது, நாய்க்குட்டியாக இருந்தபோது மண்டைக்குள் ஒன்றும் இருந்திருக்காது, அது உனக்கும் தெரிந்திருக்காது, நியாயம்தான், ஆனால் நான் இப்போது நியாயம் பேச வரவில்லை. ஒன்று கேட்கிறேன். மாட்டுக்கு வயிறு உப்பிக் காட்ட என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமா தெரியாதா. தெரியும், நீயே செய்திருப்பாய், அந்த எருமைக்கும் செய்திருப்பாய். சந்தைக்கு முந்தின நாள் உப்பும் பிண்ணாக்கும் வைத்து, காலையில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் காட்டி, வயிற்றை மத்தளம் மாதிரி ஆக்கிக் கூட்டிக்கொண்டு வருவது. இந்த வேலையைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை, விலாவில் ஒரு தட்டுத் தட்டுவேன், சத்தத்திலேயே தெரிந்துவிடும், எத்தனை பேரின் மானத்தைச் சந்தை நடுவில் வாங்கியிருக்கிறேன். அந்த நான், போன வருஷம் என் வீட்டு வாசலில், கொசுறு வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறதையும், வைத்த சோற்றையெல்லாம் தின்றுவிட்டு என் தட்டைப் பார்க்கிறதையும், வயிறு பானை மாதிரி இறங்குகிறதையும் பார்த்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் என்ன சொன்னேன் தெரியுமா. "வளர்ப்புன்னா இது. வயித்தைப் பாருங்க. பத்து வயசு நாய்ன்னு யாராவது சொல்லுவாங்களா." தட்டிக்கூடப் பார்த்தேன். சத்தம் சரியில்லை. சரியில்லை என்று கைக்குத் தெரிந்தது, வாய்தான் ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது என் நாய். அடுத்தவன் மாட்டில் இருக்கிற குற்றம் எனக்குத் தெரியும். முதுகில் முடி கொட்டியபோது கோடை என்றேன். தோல் காகிதம் மாதிரி ஆனபோது வயது என்றேன். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கியபோது கொழுப்பு என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். வீட்டுக்குள் ஒண்ணுக்குப் போக ஆரம்பித்தபோது, மாட்டை விட்டுவிட்டு இப்போது பழைய டிராக்டர் வாங்கி விற்கிறேன் இல்லையா, அந்த ஆர்.சி. புத்தகங்கள் வைத்திருக்கிற சாக்குப்பையிலேயே போய் வைத்தபோது, நான் வேண்டுமென்றே செய்கிறாள் என்று, மூன்று நாள், அது வேறு விஷயம், அதை விடு. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாளே, அதைச் சொல்ல வந்தேன். போன மாசம். சமையலறைச் சுவரில் நெற்றியை வைத்து அப்படியே நிற்கிறாள், அரை மணி நேரம், அசையவில்லை. கட்டி நெருக்குகிறதால் அப்படி நிற்கிறாள் என்று டாக்டரம்மா இப்போதுதான் சொன்னாள். நான் அன்றைக்கு என்ன நினைத்தேன் என்றால், கோபித்துக்கொண்டாள் என்று. போன வருஷத்து அந்த மூன்று நாளை மனசில் வைத்துக்கொண்டு என்னிடம் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று. சந்தையில் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறவனை எப்படி வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தெரியும், டீ வாங்கிக் கொடுத்துத் தோளில் கை போட வேண்டும். அதைத்தான் செய்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வருக்கியை டீயில் நனைத்து நீட்டினேன். "சரி உடு, தப்பு என்மேலதான்" என்றேன். அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு உயிரிடம் மன்னிப்புக் கேட்டேன், அது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கதவருகில் நின்று என் வீட்டுக்காரி ருக்குமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருக்கறீங்களா" என்றாள். நீயும் சுவரைப் பார்த்துக்கிட்டு நில்லு, சொல்றேன் என்றேன். அன்றைக்கு இரவு எனக்குச் சோறு வரவில்லை.

மணி பதினொன்று பத்து. எதிர் நாற்காலியில் ஒரு மனிதர், பாங்கியில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் மாதிரி இருக்கிறார், மடியில் ஒரு வாளி. வாளிக்குள் ஆமை. வந்ததிலிருந்து அந்த வாளியைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஆமைக்கு என்னுங்க?" "சாப்பிட மாட்டேங்குது சார்." "எத்தனை நாளா?" "ரெண்டு மாசமா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொசுறு இரண்டு நாள் சாப்பிடாததற்கு நான் கார் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். "ரெண்டு மாசம் தாங்குமுங்களா?" "அது பாட்டுக்கு இருக்கும் சார், முப்பது நாப்பது வருஷம் இருக்கும். எனக்கப்புறம் யார் பாத்துக்குவாங்கன்னுதான் கவலை." நான் வாளியைப் பார்த்தேன். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நாற்பது வருஷத்தை ஓட்டுக்குள்ளே மடித்து வைத்துக்கொண்டு, சாப்பிடவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. இதில் ஒரு ஐந்து வருஷம், வேண்டாம், இரண்டு, இரண்டு கொடுத்தால் இதற்குக் குறைந்தா போய்விடும், இதற்குத் தெரியக்கூடத் தெரியாது. நான் அந்த மனிதரிடம் பேச்சுக் கொடுக்க வாயைக்கூடத் திறந்துவிட்டேன், அப்புறம்தான் என்ன கேட்கப் போகிறேன் என்று உறைத்தது, இருமி மூடிக்கொண்டேன். காலடியில் கொசுறு ஒரு தடவை எழுந்தாள். இடது பக்கம் திரும்பி என் நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம், சங்கிலி காலில் சுற்றியது, திரும்ப என் செருப்பின்மேலேயே படுத்தாள். இந்தச் செருப்புக்கு என்ன ருசியோ, எத்தனையைக் கடித்துத் தின்றிருக்கிறாள். கடித்த செருப்போடு சந்தைக்குப் போய் நின்றால் எதிராளி நம்மை ஏமாளி என்று நினைத்து இறங்கி வருவான், அது ஒரு லாபம். போன் அடித்தது. ருக்குமணி. முட்டி வலியால் அவள் கிணத்துக்கடவில் வீட்டோடு இருக்கிறாள், ஆனால் அவள் காது இங்கேதான் இருக்கிறது. "ஏனுங்க, என்ன சொன்னாங்க?" "பதினைஞ்சு தடவைங்கறா." "நீங்க பத்துன்னு கேட்டிருப்பீங்களே." நான் துண்டால் முகத்தைத் துடைத்தேன். "கேட்டீங்களா இல்லையா?" "பன்னெண்டுன்னு கேட்டேன்." "கருமம். நீங்க அங்க போயி வெலை பேசாதீங்கன்னு நான் கோயிலுக்குப் போறவங்களுக்குச் சொல்ற மாதிரிச் சொல்லி அனுப்பிச்சேன்." "அப்ப நீயே சொல்லு. வெக்கறதா வேண்டாமா." பின்னால் குக்கர் விசில் அடித்தது. "நான் என்னத்தச் சொல்றது. அது உங்க கையிலதானுங்க வந்துது" என்றாள். பிறகு, "அவகிட்டப் போனைக் குடுங்க" என்றாள். கொசுறின் காதில் போனை வைத்தேன். என்ன சொன்னாளோ தெரியாது. வால் இரண்டு தடவை தரையில் தட்டியது. இரண்டு மாசமாக எனக்கு அது தட்டவில்லை. ஆமைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரம்மாங்க, பேசணும்னாங்க" என்றேன், ஏதோ போனில் நாய் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கம் என்கிற மாதிரி.

என் கையில் வந்தது. அவள் சொன்னது சரிதான், அங்கேதான் எனக்கு முடிச்சு. விலை கொடுத்து வாங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். விலை கொடுத்த பொருளுக்கு ஒரு தொடக்கம் இருக்கும், இவ்வளவுக்கு வாங்கினோம், இவ்வளவுக்குமேல் போகக் கூடாது, இங்கே விட்டுவிட வேண்டும் என்று மனசு ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். இதற்கு எங்கே கோடு. ஒரு விரலுக்குப் பதிலாக வந்தது. அந்த விரல் நூறா ஆயிரமா என்பதுகூட எனக்குத் தெரியாது. எருமை விலை பேசும்போது விரல் என்றால் ஆயிரம், ஆனால் படிந்த பிறகு கடைசியில் ஒரு விரல் குறைக்கிறது நூறுக்கும் உண்டு. நான் எதை நினைத்து மடக்கினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, நீ எதை நினைத்துக் கொடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிறவன் தரகனே இல்லை. அதனால் பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் விலை தெரியாத ஒன்று நடமாடிக்கொண்டிருக்கிறது, என் தட்டில் வாய் வைத்துக்கொண்டு, என் பைக்கில் பெட்ரோல் டாங்க்மேல் உட்கார்ந்துகொண்டு, நான் யாரையாவது சத்தம் போட்டால் எனக்கு முன்னால் அவனைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு. விட்டுவிடலாம் என்றும் தோன்றுகிறது. வலி இல்லாமல் ஒரு ஊசி, அல்லது ஊசிகூட வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சமையலறைச் சுவரோரம் மெத்தை போட்டு, அவள் நின்றால் நானும் நெற்றியை முட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று. பதினைந்து தடவை மயக்கம். ஒரு தடவை எழுந்திருக்காவிட்டால். முகத்தில் கூடு மாட்டியிருக்கும்போது நான் கட்டிப்போட்டதாகவே நினைப்பாள். சரி, சொல்லிவிடுகிறேன், எப்படியும் இதைத் தாண்டி யோசனை போகமாட்டேன் என்கிறது. ஆர்.சி. புத்தகம் நனைந்ததற்கு மூன்று நாள் வெளியே வேப்பமரத்தில் கட்டிப்போட்டேன். தண்ணீரை அளந்து வைத்தேன். குடித்தால்தானே போகிறாள் என்று. மூன்று நாளும் அவள் காலிச் சட்டியை நக்கிக்கொண்டே இருந்தாள், அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது, நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். தாகம் என்பது நோய் என்று எனக்கு யார் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடமும் நான் இதைச் சொல்லவில்லை, முதல் தடவை இங்கே வந்தபோது எத்தனை நாளாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறது என்று கேட்டாளே, அப்போது சொல்லியிருக்க வேண்டும், ஆறு மாசம் இருக்குமுங்க என்றேன், நடுவில் மூன்று நாள் தவிர என்று சொல்லவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு டாக்டரம்மாவே வெளியே வந்தாள், பச்சை உடுப்பில், கழுத்தில் மாஸ்க்கைத் தொங்கவிட்டுக்கொண்டு. "என்ன முடிவு பண்ணுனீங்க அய்யா? அச்சு எடுக்க ஆள் ரெடியா நிக்காங்க." நான் எழுந்து நின்று தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். "அம்மிணி, கையைக் குடுங்க." "எதுக்கு?" "நீங்க வாயால சொன்னதெல்லாம் கேட்டுட்டேன். சராசரி கிராசரி எல்லாம். வாய் சொல்றது ஊருக்குங்க. துண்டுக்கடியில சொல்லுங்க, எனக்கு மட்டும்." அவள் கொசுறைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆமைக்காரரைப் பார்த்தாள், அவர் வாளியை இறக்கிக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அய்யா, எங்க ஊர்ப்பக்கம் மீன் ஏலமே வாயாலதான் விடுவாவ. எனக்கு இது தெரியாது கேட்டேளா." "ஒண்ணுமில்லைங்க. ஒண்ணுன்னா ஒரு விரல், ரெண்டுன்னா ரெண்டு. நான் கேக்கறேன், நீங்க பிடிங்க. பேசக் கூடாது." அவள் நீட்டினாள். துண்டைப் போட்டு மூடினேன். கழுவிக் கழுவிச் சில்லிட்டுப் போன கை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது, மணிக்கட்டில் ஏதோ பிராணி கீறின பழைய தழும்பு. வேலை செய்கிற கை. இந்த மாதிரிக் கை பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. "கதிர் வெக்கலைன்னா எத்தனை?" என்றேன். அவள் எந்த விரலையும் பிடிக்கவில்லை, என் கையை மொத்தமாக மூடி மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினாள். தொழில் தெரியாதவள், முழுக்கை என்றால் ஐந்து என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் அது ஐந்து இல்லை என்று எனக்குத் தெரிந்தது. "வெச்சா?" ஒரு விரலைப் பிடித்தாள். இரண்டு. மூன்று. அங்கே நின்றாள். பிறகு சுண்டுவிரலின் நுனியைத் தொட்டாள், தொட்டுவிட்டு விட்டுவிட்டாள். மூன்றுக்கு நான் பொறுப்பு, நாலு கடவுள் பாடு என்று இதற்குச் சந்தையில் அர்த்தம், இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நாற்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக விலை சொன்ன கையை நான் பிடித்ததில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். "சரிங்க, படிஞ்சுது" என்றேன். "எத்தனை சார் சொன்னாங்க?" என்றார் ஆமைக்காரர். அதைச் சொல்ல மாட்டோமுங்க என்றேன்.

காகிதம் கொண்டுவந்தார்கள். ஐந்து பக்கம். மயக்கத்தில் ஏதாவது ஆனால் யாரும் பொறுப்பில்லை என்று ஒரு பக்கம் முழுக்க, நானும் இப்படித்தான் டிராக்டர் விற்கிறேன், அதனால் அதில் எனக்கு வருத்தமில்லை. நோயாளிக்கு உறவு என்று ஒரு கட்டம். அதில்தான் பேனா நின்றது. சொந்தக்காரர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, வாங்கினவன்தானே சொந்தக்காரன். கடைசியில் தரகர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மா படித்தாள், ஏதோ கேட்க வந்தாள், கேட்கவில்லை. "அம்மிணி, நடுவுல மூணு நாள் தண்ணி அளந்து வெச்சேன்" என்றேன். "கட்டிப்போட்டு." அவள் பேனாவை மூடிக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாதுல்லா அய்யா" என்றாள், அவ்வளவுதான். அப்புறம், "உள்ள தண்ணி வெக்க மாட்டோம், ஊசி போடணும். முடிஞ்சதும் முதல் தண்ணி நீங்களே குடுங்க" என்றாள். சங்கிலியை அவள் கையில் கொடுத்தேன். கொசுறு நாலு அடி அவளோடு போனாள், இடது பக்கம் திரும்பினாள், வட்டமடித்து என்னிடமே வந்து நின்றாள். டாக்டரம்மா மறுபடி கூட்டிக்கொண்டு போனாள். மறுபடி வட்டம், மறுபடி நான். மூன்றாவது தடவை டாக்டரம்மாவும் அவளோடு சேர்ந்து வட்டமடித்தாள், படித்த பெண், பச்சை உடுப்போடு, வராந்தா நடுவில் ஒரு நாயோடு சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் கதவுப் பக்கம் கொஞ்சம் தள்ளி. அப்படியே உள்ளே போய்விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது. துண்டில் செவலை முடி ஒட்டியிருந்தது.

இப்போது மணி பன்னிரண்டு இருபது, ஆமைக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் ஒரு பாட்டில் தண்ணீர், அவளுடைய நெளிந்த அலுமினியச் சட்டி. மூன்று. மூன்று என்றால் என்ன. மாசமா, வருஷமா. கேட்கவில்லை. துண்டைப் போட்டு, இவ்வளவு நல்ல கையைப் பிடித்து, படிந்தது என்றும் சொல்லிவிட்டு, மூன்று என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிறவன் தரகனே இல்லை. வருஷம் என்றால் எனக்கு அறுபத்தைந்து ஆகும்வரை செருப்பு வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். மாசம் என்றால் பொங்கல்கூட வராது. ருக்குமணி போன் பண்ணினால் முதலில் இதைத்தான் கேட்பாள், என் வாயிலிருந்து மூன்று என்று வரும், மூன்று என்னங்க என்பாள், நான் மறுபடியும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். அதனால் உனக்குச் சொல்கிறேன், கடுக்கன்காரா, எங்கே இருந்தாலும் கிளம்பி வா. பொள்ளாச்சியில் இருந்தாலும் சரி, பாலக்காட்டுப் பக்கம் போயிருந்தாலும் சரி, அந்தப் பச்சை லுங்கியோடே வா. சினை என்று சொல்லி நீ விற்ற எருமை சினையில்லாமல் போனதை நான் மன்னித்துவிட்டேன், அதைப் பற்றிப் பேச மாட்டேன். முதலில் அந்த ஒரு விரல் நூறா ஆயிரமா என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அப்புறம் அந்தக் கதவைத் தட்டி, அந்த அம்மிணியிடம் மூன்று என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு. நான் கேட்க முடியாது, எனக்குத் தொழில் மரியாதை இருக்கிறது. நீ விரல் நீட்ட வேண்டிய இடத்தில் நாய்க்காலை நீட்டினவன், உனக்கு என்ன மரியாதை, நீ கேள்.